பறந்து போகாத பலூன்

பலூன் கடை வைத்திருந்த எங்கள் சித்தப்பா, ஹீலியம் சிலிண்டர் வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதைத்தான் எடுப்பார். பலூனைத் தூக்குகிற வாயு சிலிண்டரையும் கொஞ்சம் தூக்காதா என்பது அவர் கணக்கு. கேஸ் கிடங்குக்காரன் அவருடைய மச்சான், அதாவது சித்தியின் தம்பி. மற்றவர்கள் பாதி தீர்த்துத் திருப்பித் தந்ததையெல்லாம் அவன் வாயே திறக்காமல் முன்வரிசையில் அடுக்கி வைத்தான்.

கடைசியில் சித்தியே போய் நிறைந்த சிலிண்டர் ஒன்றை வாங்கிவந்து, காலியானதோடு தராசில் ஏற்றிக் காட்டினாள். "பாத்தீங்களா? ஹீலியம் காத்தைவிட லேசுதான். ஆனா அதுக்கும் எடை உண்டுங்க. அமுக்கி அடைச்சா கனக்கத்தான் செய்யும்."

சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே கிடங்குக்குப் போய், எழுதியிருந்ததைக்கூடப் படிக்காமல், இருப்பதிலேயே கனமான சிலிண்டரை உருட்டிவந்தார். அது சோடாவுக்கு அடைக்கிற கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது. ஊதிய நாற்பது பலூன்களும் தரையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தப்பா அசரவில்லை. கடை வாசலில் அட்டை தொங்கியது: "கையை விட்டாலும் பறந்து போகாத பலூன். இரட்டை விலை."

முதல் ஆளாக வந்து ஆறு வாங்கிப் போனவள் மச்சானின் பெண்டாட்டி.