தானா பழுத்துடும்

"ரெண்டு நாள் வச்சிடுங்க சார், தானா பழுத்துடும்" என்றார் பெங்களூரு ஆஸ்டின் டவுன் பழக்கடைக்காரர், பச்சை மாறாத ஏலக்கி வாழைச் சீப்பைப் பையில் போட்டபடியே. நான் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கோபம் அந்தச் சொல்லின் மேல். எங்கள் வீட்டில் அது எல்லாவற்றுக்கும் உதவும். அரிசிப் பானைக்குள் மாங்காய் பழுக்கும். காலில் முள் ஏறினால் அந்த இடமும் பழுக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டு, "பழுக்கட்டும்டா, முள்ளு தானா வெளிய வந்துடும்" என்பாள் அம்மா. வந்துமிருக்கிறது. அதனால் எனக்குப் பாதி வைத்தியம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்போடுதான் பீன்யாவில் லேத் பட்டறை வேலைக்குப் போனேன். கட்டிங் ஆயில் நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது. சாப்பிடும்போதும் கையிலேயே இருக்கும். விரலில் இரும்புச் சீவல் ஏறுவது அங்கே தினப்படி. பிளேடு முனையால் ஒருவருக்கொருவர் நோண்டி எடுத்துக்கொள்வோம். பக்கத்து மெஷினில் சேகர், ஆரணிக்காரன், என் அறையில்தான் தங்கியிருந்தான். அவன் வலது ஆள்காட்டி விரலில் ஏறிய சீவல் மட்டும் எவ்வளவு நோண்டியும் வரவில்லை.

மூன்றாம் நாள் விரல் வீங்கியது. "டாக்டர்கிட்ட காட்டட்டுமா மச்சி?" என்று கேட்டான். வரும் ஒன்றாம் தேதி அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். நடுவில் லீவு போட்டால் பேர் போய்விடும் என்று அவனுக்குப் பயம். என் கவலை வேறு. அவன் போனால் அவன் மெஷினையும் நான்தான் ஓட்ட வேண்டும்.

"எதுக்குடா டாக்டரு? பழுக்கட்டும், தானா வந்துடும்" என்றேன். வெங்காயத்தைச் சுட்டு நானே வைத்துக் கட்டினேன். பெரிய மருத்துவன்!

நன்றாகவே பழுத்தது. காய்ச்சலில் உளறியவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். கட்டைப் பிரித்த டாக்டர், "யாரு இத்தனை நாள் வச்சிருக்கச் சொன்னது?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேகர்தான், "நானேதான் சார்" என்றான். விரலை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கையோடு லேத் ஓட்ட முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் அவனை ஊருக்கு ஏற்றிவிடப் போனேன். "நீ நல்லதுக்குத்தான மச்சி சொன்ன" என்றான். திட்டியிருந்தால் தேவலை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பட்டறை இப்போது இல்லை, கூரியர் கிடங்காகிவிட்டது. நாங்கள் இருந்த அறையையும் இடித்துவிட்டார்கள். ஆரணியில் சேகர் எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் நாற்றம் கையை விட்டுப் போயே பல வருஷம். அந்த ஒன்றாம் தேதி, ஒற்றை ஆளாக இரண்டு மெஷின் ஓட்டுகிறான் என்று மெச்சி, அவன் இடத்தில் என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள்.