மூன்றாவது சைக்கிள்

ஒடீல் பூர்ஷோ என் பட்டறைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், சைக்கிளைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவாள். மரம் அறுக்கும் ரம்பம், புல்வெட்டும் இயந்திரம், சைக்கிள் எல்லாவற்றையும் பழுது பார்க்கிறவன் நான். கையில் வேலை இருக்கிறவனிடம் ஜனங்கள் மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். அந்த வருஷம் வசந்தத்திலிருந்து ஒடீல் கொட்டியதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான்.

"தியெரி, அந்த ஹாலந்துக்காரி சைக்கிளப் பாத்தியா?"

"பாத்தேன். பிரேக் கட்டை மாத்திக் குடுத்ததே நான்தான்."

"நீயுமா?" என்றாள். அதற்கப்புறம் தன் சங்கிலியில் என்ன கோளாறு என்று சொல்லவே மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒடீல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். கட்டையான உடம்பு, பலமான தொடை, சுருக்கென்று பேசும் வாய். அவளுடைய சிநேகிதி மரிவோன் மாட்டு வைத்தியரிடம் உதவியாளர். உயரமானவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். இரண்டு பேருடைய பிள்ளைகளும் படிக்கத் திழோன் நகரத்துக்குப் போய்விட்ட வருஷத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு எங்கள் மோர்வான் மலைக்காட்டுக்குள் கிளம்பினார்கள். பிறகு கிராவல் சைக்கிள் வந்தது. ரோட்டு சைக்கிளுக்கு உள்ளதுபோல வளைந்த கைப்பிடி, சரளையிலும் சேற்றிலும் ஓடுகிற தடித்த டயர். இருவரும் ஒரே நாளில் ஒரே பச்சை நிறத்தில் வாங்கினார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் அவர்கள் இருவருக்குத்தான். ஓக் காட்டு வழியாக ஏறி, ரோமானியர் காலத்துக் கல்பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கி, கூரை விழுந்துபோன பழைய மடாலயத்தில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிடுவார்கள். அந்த மடாலயத்துக்குப் போகும் வழி முள்புதரில் மறைந்திருக்கும். வேறு யாரையும் அங்கே கூட்டிப்போகக் கூடாது என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

ஹன்னெகே என்ற ஹாலந்துக்காரி பாதிரியார் குடியிருந்த பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தனி ஆள். புத்தகத்தில் படித்த பிரெஞ்சு பேசுவாள், ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாக. அவளுடைய பூனைக்கு ஊசி போட்டபோது மரிவோன் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறே மூன்று சைக்கிள் கிளம்பின.

எங்கள் காட்டுப் பாதைகள் எப்படியென்றால், மர லாரிகள் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடம் விழுந்திருக்கும், நடுவில் புல். ஆளுக்கொரு தடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். மூன்றாவது ஆள் பின்னால்தான் வர வேண்டும். புது ஆள், வழி தெரியாது என்று மரிவோன் ஹன்னெகேயைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒடீல் நாள் முழுக்க இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று மட்டும் கேட்காது.

இரண்டு ஞாயிறு பொறுத்தாள். மூன்றாவது ஞாயிறு முட்டி வலி என்றாள். அதற்கடுத்த வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

"எங்கம்மா நேத்துதான் தோட்டத்துல உருளைக்கிழங்கு நட்டாங்க," என்றான் அவள் புருஷன் ரெமி. மர லாரி ஓட்டுகிறவன்.

"நட்டா என்ன? அவங்களுக்கு உடம்பு சரியில்லாம போகக்கூடாதா?"

"உனக்கு என்னதாம்மா பிரச்சனை? அந்தப் பொண்ணு உன்ன என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. மலை ஏறத் தெரியல. இறக்கத்துல ரெண்டு பிரேக்கையும் புடிச்சிக்கிட்டு கத்துறா. எல்லாத்தையும் பாத்து 'எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு'ங்கிறா. மாடு சாணி போட்டாக்கூட அழகுதான் அவளுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மரிவோன் அவளைப் பாத்து சிரிக்கிறா."



ஜூலையில் ஒருநாள் ஒடீல் தனியாகக் கிளம்பி மடாலயத்துக்குப் போனாள். முள்புதரை விலக்கி உள்ளே நுழைந்து, வழக்கமாக உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், ஒரு சிவப்புத் தாள். பட்டை மணக்கும் ஹாலந்து பிஸ்கட் சுற்றி வருகிற தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாளாம். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ரெமியிடம் சொல்லிவிடாதே என்றாள்.

சனிக்கிழமைச் சந்தையில், சீஸ் கடை முன்னால், மரிவோனைப் பிடித்தாள்.

"அங்க கூட்டிட்டுப் போனியா?"

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத."

மரிவோன் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "மழை வந்துச்சுடி. ஒதுங்க வேற எடம் இல்ல. நீயும்தான் வரமாட்டேங்கிற. நான் என்ன, வீட்ல உக்காந்து உனக்காக அழவா?"

"அழ வேணாம். பிஸ்கட் தின்னுட்டுத் தாளையாவது எடுத்துட்டு வாங்க."

சீஸ் வாங்காமலே திரும்பினாள். கோடை முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. ஒடீல் தனியாகவே ஓட்டினாள். ஆத்திரத்தில் மிதித்து மிதித்து, நான் ஏறப் பயப்படுகிற மேடுகளையெல்லாம் அவள் சைக்கிளை விட்டு இறங்காமலே ஏறினாள். அந்த வருஷம் போல உரமான உடம்பு அவளுக்கு எந்த வருஷமும் இருந்ததில்லை.

அக்டோபரில், ஈர இலை மூடிக் கிடந்த கல்பாதையில் மரிவோன் சறுக்கி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. ஹன்னெகேதான் தன் சட்டையைக் கிழித்துக் மரிவோன் கையைக் கட்டி எழுப்பி, ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள். செய்தி பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்கு வந்தபோது ஒடீல் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். என்னை விட்டு அந்த ஹாலந்துக்காரியைக் கூட்டிப்போனாள், அவள் கூடப் போய் விழுந்தாள் என்ற சந்தோஷம். அடுத்ததாகத்தான் மரிவோனுக்கு அடிபட்டிருக்கிறது என்பது உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

மரிவோன் வீடு திரும்பியதும் ஒடீல் தினமும் போனாள். சூப் கொண்டுபோனாள், தலை சீவிவிட்டாள், விறகு அடுக்கினாள். கோடையில் நடந்ததைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. ஹன்னெகே பூங்கொத்தோடு வந்தால், "இப்பதான் தூங்குறா" என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவாள்.

"நான் முழிச்சிட்டுதான இருக்கேன்?" என்று உள்ளேயிருந்து மரிவோன் கேட்பாள்.

"டாக்டர் உன்ன அசையக் கூடாதுன்னாரு."

நவம்பரில் மரிவோன் ஒரு உதவி கேட்டாள். "அந்தப் பொண்ணு தனியா ஓட்டுறாளாம். வேட்டை சீசன், எந்தப் பக்கம் துப்பாக்கியோட நிக்கிறாங்கன்னு அவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு நீ கூடப் போயேன். எனக்காக."

எனக்காக என்று சொன்னதால் ஒடீலால் மறுக்க முடியவில்லை. ஆனால் எந்த வழியில் கூட்டிப்போவது என்பது தன் கையில்தானே என்று நினைத்துக்கொண்டாள். வேட்டைக்காரர்கள் இல்லாத வடக்குப் பக்கம் நல்ல செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. வெட்டிய ஃபிர் மரங்களை இழுத்து இழுத்துப் பாதை முழுக்க உருளைக்கல்லாகிக் கிடக்கும். அங்கே கூட்டிப்போனாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

பாதி மலையில் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. தானாக வரட்டும் என்று ஒடீல் மேலே போய் நின்றாள். வரக்காணோம். இறங்கி வந்து பார்த்தால், ஹன்னெகே சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சேறு.

"அடிபட்டுச்சா?"

"இல்லை. நான் இறங்கிவிட்டேன். நீங்கள் இறங்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"மரிவோன். ஒவ்வொரு ஞாயிறும். இந்த மேட்டில் ஒடீல் இறங்கமாட்டாள். இந்த இறக்கத்தில் ஒடீல் பிரேக் பிடிக்கமாட்டாள். ஒடீல் இருந்தால் இந்நேரம் இப்படிச் சொல்லியிருப்பாள் என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் என்னோடு வரவில்லை. உங்களோடுதான் வந்துகொண்டிருந்தாள். உங்களை நான் மிகவும் வெறுத்தேன். மன்னிக்க வேண்டும்."

தன்னை ஒருத்தி பொறாமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஒடீல் கனவிலும் நினைக்காத விஷயம். அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"நானும்தான் உன்ன வெறுத்தேன்," என்றாள். "எழுந்திரு, வேர்வை காஞ்சா குளிரும். கியரை ஏன் இவ்ளோ பெருசா வச்சிருக்க? சின்னதுக்கு மாத்து. உக்காந்துக்கிட்டே மிதி, எழுந்தா பின் சக்கரம் வழுக்கும்."

அன்று ஹன்னெகே மேட்டின் உச்சிக்கு ஏறவில்லை. அதற்கடுத்த வாரம் ஏறினாள். அதன் பிறகு இரண்டு பேரும் பனிக்காலம் முழுக்க ஓட்டினார்கள். ஹன்னெகேவுக்குச் சரித்திரம் பிடிக்கும். இடிந்த கோட்டைச் சுவர், துணி துவைக்கிற பழைய கல்தொட்டி, போரில் எரிந்த பண்ணை என்று ஒடீல் எத்தனையோ முறை தாண்டிப்போன இடங்களில் எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பாள். ஒடீலுக்குப் பதில் தெரியாது. தெரியாததையும் வாய் கூசாமல் கதையாகச் சொல்லுவாள். ஹன்னெகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பிப்ரவரியில் ஒடீல் பன்றிக்கொழுப்புப் போட்ட தோசை போன்ற எங்கள் ஊர்ப் பலகாரத்தைச் சுட்டு மரிவோனுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மரிவோன் தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். தொடவில்லை.

"ஏரிக்கரைப் பாதையில போனீங்களாமே, ரெண்டு பேரும்."

"யார் சொன்னா?"

"தியெரி சொன்னான். அந்தப் பாதைய நான் உனக்குக் காட்டினது."

"நீ கட்டு போட்டுட்டு உக்காந்திருந்த. நாங்க என்ன, வீட்ல உக்காந்து அழவா?"

மரிவோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னும் மூணு வாரத்துல டாக்டர் ஓட்டலாம்னு சொல்லுவாரு. அதுவரைக்கும் பொறுக்க முடியாதா உங்களுக்கு?"

"பொறுக்கலாம்," என்றாள் ஒடீல்.

வீட்டுக்கு வந்து ரெமியிடம் அதை அப்படியே சொன்னாள். மரிவோன் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பலகாரத்தைத் தொடாதது, எதையும் விடவில்லை. "உனக்கு அதுல இவ்ளோ சந்தோஷமா?" என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள். கொஞ்சம்கூட ஒளிக்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு நல்ல வெயில் அடித்தது. பனி உருகி, பாதை காய்ந்து, காடு பூராவும் பறவைச் சத்தம். காலையில் ஹன்னெகே வாசலில் வந்து மணியடித்தாள். ஒடீல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தாள்.