பைப் வராத வருஷத்தில் போட்ட குழாய்க் கிணறு

தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடிவந்தது. அந்த நேரத்தில் அமிர்தலிங்கம் இடுப்பு வரைக்கும் மணலுக்குள் இருந்தான். நான் வேலை பார்த்த போர்க் கிணறுகளில் பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. இந்த ஒன்றை மட்டும், போரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. அடியில் இருந்தது

பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு கண்டிராக்டரிடம் போரிங் மேஸ்திரி. எனக்கு ஊர் வில்லியனூருக்கு மேற்கே. எங்கள் பக்கம் செம்மண் மேடு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கம்பும் விளையும். பாகூர்ப் பக்கம் வண்டல். ஏரி நிறைந்த வருஷம் நெல்லும் கரும்புமாக நிற்கும், நடுநடுவே பனைமரம், கிழக்கே கடலோரமாகச் சவுக்கு. ஏரி நிறையாத வருஷம் அதே இடத்தைப் பார்க்கச் சகிக்காது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அடியில் ஒரு சங்கதி உண்டு. கெட்டிக் களியைத் தாண்டி உளி இறங்கினால் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வரும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். அந்தக் கிணறு உள்ளவன் ஏரியை எதிர்பார்க்காமல் நடவு நடுவான்.

பாகூர்ப் பக்கத்தில் அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்புப் படிவம் வரும். மக்கின மரம் மாதிரி இருக்கும், காயவைத்தால் புகைந்து எரியும். நிலக்கரி எடுக்கலாம் என்று துரைமார் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது ஓர் அடையாளம். கறுப்பு வந்தால் அதற்குக் கீழே வெள்ளை மணல், மணலில் தண்ணீர்.

வேலை முழுக்கக் கைவேலை. மூன்று மரத்தை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, கயிற்றில் ராடு என்கிற இரும்புக் கம்பி தொங்கும். ராடின் நுனியில் உளி. நாலு பேர் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றுவோம். துளை இறங்க இறங்க அதற்குள் இரும்புப் பைப்பை இறக்கிக்கொண்டே போக வேண்டும். அதுதான் கேசிங். கேசிங் இருந்தால் ஓரம் சரியாது, தண்ணீர் பைப்புக்குள் மட்டும் ஏறும். கேசிங் இல்லாவிட்டால் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வழி தேடிக்கொள்ளும்.

அமிர்தலிங்கம் என் தங்கச்சி அஞ்சலையின் புருஷன். புதுச்சேரி மில்லில் நூல் இழுக்கும் பகுதியில் இருந்தான். சண்டை வந்து பஞ்சு வரத்துக் குறைந்ததும் ஆளைக் குறைத்தார்கள். அதற்கு முன்னாலேயே பஞ்சுத் தூசியில் அவனுக்கு இருமல். வெளிக்காற்றில் வேலை என்று சந்தோஷமாக எங்களோடு வந்தான். ராடில் காதை வைத்து, "மச்சான், உளி கல்லுல பேசுது," "இப்ப களியில மென்னுது" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். சாப்பாட்டில் மட்டும் மோசம். யார் கிண்ணத்தில் கருவாடு இருந்தாலும் கை அங்கேதான் போகும்.

2. ஏரிக்குக் கிழக்கே

பாகூர் ஏரிக்குக் கிழக்கே வேதாசலம் என்கிற நிலக்காரர் வயலில் போர் போடும் வேலை. அந்த வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. ஏரிக்குள் பள்ளம் தோண்டி, ஊறுகிற கலங்கல் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள் பெண்கள். போரில் தண்ணீர் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி வேதாசலம் நாற்று விட்டுவிட்டார். நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கறுப்பு வந்தது. கையிருப்பில் இருந்த பைப் அதோடு தீர்ந்துபோயிற்று. நான் வேலையை நிறுத்திவிட்டுக் கண்டிராக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்.

"ஏன்யா நிறுத்தன?"

"பைப் இல்ல மொதலாளி. கீழ மணலு. கேசிங் இல்லாம எறக்கனா ஓரம் நிக்காது."

"கப்பலே வரல, பைப்புக்கு நான் எங்க போவேன்? சண்டை முடியற வரைக்கும் ராட்ட புடிச்சிக்கினு நிப்பியா? எறக்கு. தண்ணி வந்துட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"மண்ணு ஒக்காந்துடும் மொதலாளி. மேல நிக்கற ஆளுக்கு ஆபத்து."

"உனக்குப் பயமா இருந்தா வூட்டுக்குப் போ. எறக்கறவன வெச்சி நான் எறக்கிக்கறேன்."

வேதாசலம் அவருக்குப் பின்னால் நின்றார். அவர் அதட்டவில்லை. "மேஸ்திரி, நாலு நாள் போனா நாத்து கருகிடும்பா. எதுனா பண்ணு," என்றார். அந்தக் குரல்தான் எங்கள் ஆட்களை அசைத்தது. எல்லோருமே விவசாய வீட்டுப் பிள்ளைகள்.

அமிர்தலிங்கம் கட்டையைப் பிடித்துவிட்டான். "ரெண்டு ராடு ஆழந்தான் மச்சான். காத வெச்சிப் பாத்துக்கறேன்."

நான் முக்காலியின் மூன்று காலுக்கும் அடியில் பனங்கட்டை போடச் சொன்னேன். மேலே நிற்கிறவர்களுக்குப் பலகை விரித்தேன். கையில் இருந்ததை வைத்து அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

3. வெள்ளை மணல்

மறுநாள் காலை வெயில் ஏறிய நேரம். ராடு திடீரென்று லேசானது. அமிர்தலிங்கம் குனிந்து காதை வைத்தான்.

"மச்சான், கீழ சோறு கொதிக்கற மாதிரி கேக்குது."

"விட்டுட்டு வெளிய வாடா!" என்றேன்.

சுற்றிக்கொண்டிருந்தவர்கள் விலகிவிட்டார்கள். அவன் நின்றான். ராடு துளைக்குள் நழுவிப் போய்விடாமல், அதைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பை இறுக்கிவிட்டு வர நினைத்தான். ராடு போனால் வேலையே போச்சு என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஊறிப்போன பயம். அவன் திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. பைப்புக்குள் வரவில்லை, பைப்பைச் சுற்றி வெளியே வந்தது. பால் மாதிரி வெள்ளையாக, பாதிக்குப் பாதி மணல். ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

தூரத்தில் களத்தில் நின்றவர்களுக்கு அந்த வெள்ளைதான் தெரிந்தது. யாரோ குலவை போட்டார்கள். ஒருவன் பறையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தண்ணி வந்துடுச்சி, தண்ணி வந்துடுச்சி" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு வரப்பில் ஓடினார்கள்.

இங்கே பலகை கவிழ்ந்தது. தரை உள்ளே இறங்கியது. முக்காலியின் ஒரு கால் கட்டையோடு புதைந்து, மரம் சாய்ந்தது. அமிர்தலிங்கம் முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. நான் கப்பிக் கயிற்றை வீசினேன். பிடித்துக்கொண்டான். நாலு பேர் இழுத்தோம். மணல் அவனைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இழுத்தால் அவன் கைதான் நீண்டது, உடம்பு அசையவில்லை.

"மெதுவா, மச்சான், இடுப்பு பிஞ்சிக்கும்," என்றான். கத்தவில்லை. பேச்சு வழக்கம்போலத்தான் இருந்தது.

இன்னொரு தடவை தரை இறங்கியது. சாய்ந்து நின்ற மரம் அவன்மேல் விழுந்து, அவனோடு உள்ளே போயிற்று. கயிறு எங்கள் கைத்தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அந்த இடத்தில் வெள்ளைத் தண்ணீர் சுழன்றது. பறை அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவனுக்கு என்னவென்றே புரியவில்லை, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

4. அஞ்சலை

சாயங்காலத்துக்குள் கொம்யூன் தலைவரான மேரும் போலீசும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விபத்து என்று முடித்தார்கள். கண்டிராக்டர் எட்டிப் பார்க்கவில்லை. இரவு போய் விடிந்தபோது ஊற்று பொங்குவது அடங்கி, பள்ளத்தின் ஒரு ஓரமாகத் தெளிந்த தண்ணீர் வழிந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வேதாசலத்தின் நாற்றங்காலில் பாதி மணலில் மூடிப்போயிருந்தது. மீதிப் பாதிக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. பெண்கள் குடத்தோடு வந்து, கிட்டே வராமல் நின்றார்கள்.

அஞ்சலை மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்த எடம்ணே?"

காட்டினேன்.

தோண்டினால் ஓரம் சரிந்து ஊற்று அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். வேதாசலத்துக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "மேஸ்திரி, தப்பா நெனைக்காத. நாத்து கொஞ்சம் தேறட்டும். போனவன் போயிட்டான். ஒரு பத்து நாள் பொறுத்து எடுத்தா இன்னா?"

அது அஞ்சலையின் காதில் விழுந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, கையால் மணலை வாரி வெளியே போட ஆரம்பித்தாள். வார வார மணல் திரும்ப வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

குடத்தோடு நின்ற பெண்களில் பாக்கியம் என்று ஒருத்தி, அந்த ஊர்ச் சேரியில் இருப்பவள், கூலி வேலைக்காரி. குடத்தை வரப்பில் வைத்தாள். "அந்தப் பொண்ணு அங்க கெடக்குது, நாம குடத்த வெச்சிக்கினு நிக்கறமே. வாங்கடி," என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கினாள். அந்தத் தண்ணீர் நின்றால் வேதாசலத்துக்கு ஒரு போகம் போகும். பாக்கியத்துக்குக் குடிக்கத் தண்ணீர் போகும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

பிறகு சேரி ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். நான் இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறங்க விடவில்லை. அஞ்சலையை மேலே ஏற்றினேன். பனங்கட்டையைச் சுற்றிலும் முட்டுக் கொடுத்து, வைக்கோல் பிரியைச் செருகி, தட்டுத் தட்டாக மணலை எடுத்தோம். உச்சிவெயில் தாண்டி, சாய்ந்துபோன மரம் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே அவன் இருந்தான். மூக்கு, காது, வாய் எல்லாம் அந்த வெள்ளை மணல். ஊர்ப் பெண்கள் வழிந்த தண்ணீரில் கடைசியாக ஒரு குடம் பிடித்து அவனைக் கழுவினார்கள்.

அவனை வெளியே எடுத்த சற்று நேரத்தில் ஒரு ஓரம் சரிந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த வேதாசலம் எழுந்து போய்த் தன் வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். "இதுல கொண்டு போங்க," என்றார். அதற்குமேல் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

5. பிறகு

அந்த நாற்று கருகிப்போயிற்று. சேரிப் பெண்கள் திரும்ப ஏரிப் பள்ளத்துக்கே போனார்கள். கண்டிராக்டர் வேறு ஊருக்குக் கூப்பிட்டார், நான் போகவில்லை. சண்டை ஓய்ந்து பைப் வர ஆரம்பித்த பிறகு சொந்தமாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டேன். முழு ஆழத்துக்கும் பைப் வந்து இறங்காத இடத்தில் முக்காலியை நான் நிறுத்தியதில்லை. அதனால் போன வேலைகள் நிறைய. எத்தனையோ பேர், "பயந்தாங்கொள்ளி மேஸ்திரி" என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும்.

அஞ்சலை என் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மல்லாட்டை உடைக்கப் போவாள், வருவாள். அந்தக் கிணற்றைப் பற்றி அவள் பிறகு பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

போரிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் வந்ததும் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஊர் ஜனம் ஓடிவரும், நிலத்துக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அதற்குப் பின் நான் போட்ட ஒவ்வொரு கிணற்றிலும், தண்ணீர் எழும்பின உடனே என் ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கடைசி ஆள் "இருக்கேன் மேஸ்திரி" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் என்ன நிறம் என்று பார்ப்பேன்.