கேத்திர கணிதத்துக்கு ஒரு வீடு

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருசங்கள் அவை. ஒவ்வொரு தை மாதமும் எனக்குத் தலையிடி தொடங்கும். கடைசி வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளில் யாராவது ஒருத்தி, புதுப் புத்தகத்துக்கு உறை போட்டபடியே, "டீச்சர், நானும் கொழும்புக்குப் போய் டொக்டருக்குப் படிக்கலாமா?" என்று கேட்பாள். கல்லடிப் பாலம் வரைக்கும் நடந்துபோய் வரலாமா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்பாள். இனி ஏலாது பிள்ளை, காலம் போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் வாயே புளித்துப்போய்விட்டது.

கொழும்பில் கல்லூரிக்குள் காலடி வைக்க மெட்ரிகுலேஷன் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அந்தச் சோதனைக்குக் கேத்திர கணிதமும் அட்சர கணிதமும் வேண்டும். கோடு, வட்டம், முக்கோணம், எக்ஸ், வை எல்லாம் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலோ பெண்பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் தையல். பூவேலை செய்த தலையணை உறையைக் கொண்டுபோய்க் காட்டினால் கொழும்பில் யார் கதவைத் திறப்பார்கள்? எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால்தான் நாலு வருசத்தில் ஒருமாதிரி ஒப்பேற்றலாம். என் காலத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறதென்றே எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது நான் சோக்கட்டியோடு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்காரத் துரைச்சாணி. நல்ல மனுசிதான், ஆனால் மகா நிதானம். கேத்திர கணித வகுப்பு வேண்டும் என்று போய்க் கேட்டால், மூன்று பிள்ளைகளாவது சேர்ந்தால் வாத்தியார் பிடிக்கலாம், முதலில் பிள்ளைகளைக் கொண்டுவா என்பார். பெற்றோரிடம் போனால், "முதல்ல வகுப்பு நடக்கட்டும் டீச்சர், மறுகா பாப்பம்" என்பார்கள். இவர் அங்கே தள்ளுவார், அவர்கள் இங்கே தள்ளுவார்கள். நடுவில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அலைவேன். இரண்டு வருசம் இப்படியே வீணாய்ப் போனது.

மூன்றாம் வருசம் எப்படியோ இரண்டு பிள்ளைகள் அகப்பட்டார்கள். ஒருத்தி டவுனில் இருந்த, வெள்ளைக்கார வழிவந்த பறங்கித் தச்சர் ஒருவருடைய மகள். மற்றவள் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் வீட்டுப் பிள்ளை. மூன்றாமவள் தானாக வந்தாள். செட்டிபாளையத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரின் மூத்த மகள், எங்கள் போர்டிங்கில் தங்கிப் படித்தவள். பதின்மூன்று வயது. நான் வட்டிக் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் அவள் விடையைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் பின்னேரம் வந்து, "டொக்டருக்குப் படிக்கிறதெண்டா எப்ப துவங்கோணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

எப்ப துவங்கோணும்! அத்தனை வருசத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். "இந்த வருசமே துவங்கோணும் புள்ள. இந்த வருசம் விட்டா இல்ல" என்றேன். அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

தகப்பன் நல்ல மாதிரி மனுசன். இளநீர் வெட்டித் தந்தார். நான் வந்த விசயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு என்னை வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்குள் பெரிய பெரிய மரக்குற்றிகள் கிடந்தன.

"இது சின்னவளிட வீட்டுக்கு ஊறப் போட்ட மரம் டீச்சர். மூத்தவளுக்கு இப்ப நாங்க இரிக்கிற வீடு. அவ பிறந்த வருசமே வளவு சுத்தித் தென்னம்புள்ள வெச்சிட்டன். என்ட புள்ளையளுக்கு நான் ஒரு குறையும் வெக்கல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தன்று வீட்டை மகளுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான், பெற்றவர்கள் வேறு இடம் பார்த்து ஒதுங்குவார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவனும் வரமாட்டான். அதெல்லாம் எனக்குத் தெரியாததா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறொன்றை நினைத்து. பிள்ளை பிறந்த அன்றைக்கே தென்னம்பிள்ளை வைக்கத் தெரிந்த மனுசனுக்கு, நாலு வருசம் முந்தி ஒரு கணக்குப் புத்தகம் வாங்கவேண்டும் என்றால் மட்டும் ஏன் தலைசுற்ற வேண்டும்?

"நான் சொல்லி என்ன டீச்சர்? மச்சான் வரட்டும்" என்றார் அவர். மச்சான் என்றால் மனைவியின் தமையன், பிள்ளையின் தாய்மாமன். வீடும் காணியும் தாய்வழிச் சொத்து. அவர் வாய் திறக்காமல் அந்த வீட்டில் அடுப்பும் எரியாது.

தாய்மாமன் வந்தார். கதிரையில் சாய்ந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"என்ன கதை கதைக்கிறீங்க? இவ என்ட மகனுக்கெண்டு சின்னதிலயே பேசி வெச்ச புள்ள. கொழும்பில போய் அஞ்சாறு வருசம் இருந்தா, என்ட மகன் நரைச்சுப் போய்க் கிடப்பான். இவளுக்கு ஒரு வயசுதான் இளையவள் இரிக்காள், அவளை என்ன செய்யிற? மூத்தவள் இரிக்க இளையவளுக்குச் செய்யேலுமா?"

நான் விடவில்லை. படித்த பெண்ணுக்கு வரும் மதிப்பைச் சொன்னேன். பிள்ளைப்பேற்றில் எத்தனை பெண்கள் வைத்தியம் இல்லாமல் போய்ச் சேர்கிறார்கள் என்று சொன்னேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். அந்த மனுசன் எழும்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து திரும்பவும் சாய்ந்தார்.

அப்போதுதான் பிள்ளை வாய் திறந்தாள். "மாமா, வீட்டைத் தங்கச்சிக்குக் குடுங்க. உங்கட மகனையும் அவளுக்கே பேசுங்க. எனக்கு வீடு வேணாம்."

தாய்க்காரி ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தாள். தகப்பன் நிலத்தைப் பார்த்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் தங்கச்சிக்காரி களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. நான் பார்த்தது தாய்மாமனைத்தான். அவருடைய கண் மெல்ல வீட்டுக் கூரைக்குப் போனது, பிறகு தென்னைமரங்களுக்குப் போனது.

"இந்த வீட்டையா? இளையவளுக்கா?"

"ஓம்."

"அப்பிடியெண்டா எனக்கென்ன? புள்ளைக்கு விருப்பமெண்டாப் படிக்கட்டுமே. நான் என்ன படிப்புக்கு எதிரியா?"

அட பாவி மனுசா! ஒரு மணித்தியாலமாக நான் கத்தியதெல்லாம் காற்றோடு போக, வீடு கைவிட்டுப் போகாது என்று தெரிந்த நிமிசத்திலேயே இவருக்குப் படிப்பின் அருமை விளங்கிவிட்டது. மகனுக்கு வரப்போவது அக்காவா தங்கச்சியா என்பதில் அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

எனக்குச் சந்தோசப்படத் தோன்றவில்லை. பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "உனக்கு விளங்கித்தான் சொன்னியா? நாளைக்கு ஆரும் உன்னைக் கேட்டு வரமாட்டாங்க" என்றேன்.

"அதுதானே நல்லது டீச்சர். ஆரும் வந்தா நான் எப்பிடிப் படிக்கிற?" என்றாள்.

வகுப்புத் தொடங்கியது. சேவே கந்தோரில் காணி அளந்து பென்சன் எடுத்த பறங்கி ஐயா ஒருவர் வாரத்தில் மூன்று பின்னேரம் வந்து படிப்பித்தார். ஆண் வாத்தியார் என்பதால் காவலுக்கு நானும் இருக்க வேண்டும் என்றார் துரைச்சாணி. இருந்தேன். முக்கோணமும் வட்டமும் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டன. கிளாக்கருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்து அவருடைய பிள்ளை போனாள். தச்சர் மகள் இடையில் தாதி வேலைக்குப் போனாள். கடைசியில் ஒருத்திக்காகவே வகுப்பு நடந்தது. நிறுத்துவோமா என்று துரைச்சாணி கேட்கும்போதெல்லாம் நான் போட்ட சத்தத்தில் அவருடைய நாய் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாலாம் வருசம் அவள் பாஸ் பண்ணினாள். கொழும்பில் இடமும் கிடைத்தது. செலவுக்குத் தகப்பன் வாவியில் ஊறிக் கிடந்த மரத்தையெல்லாம் தூக்கி விற்றார். அவள் ரயில் ஏறுவதற்கு முந்தின மாதம் தங்கச்சிக்கும் தாய்மாமன் மகனுக்கும் கலியாணம் நடந்தது. தாய்மாமன் பந்தலில் என்னைக் கண்டு, "எல்லாம் உங்களாலதான் டீச்சர்" என்று பல் முழுவதும் தெரியச் சிரித்தார். நான் பாயசம்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

முதல் லீவு வந்தது. விடியற்புறம் ரயிலில் இறங்கியவள் நேரே பள்ளிக்கூடத்துக்கு, என் அறைக்கு வந்து நின்றாள்.

"ஊருக்குப் போகல்லையா?"

"அங்க மாமா ஆக்கள் நிறைஞ்சு கிடக்காங்க டீச்சர். தங்கச்சி வா எண்டுதான் எழுதினவ. எண்டாலும் அது இப்ப அவங்கட வீடு. லீவு முடியுமட்டும் உங்களோட இருக்கட்டா?"

எந்த வகுப்பில் எந்தப் பாடம், எந்த மாதம் பணம் கட்டுவது, எந்த ரயிலில் போவது என்று நாலு வருசமாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறோம். போனவள் திரும்பி எங்கே வருவாள் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு அவளைப் படுக்கச் சொன்னேன்.

அவள் வந்தது கேள்விப்பட்டு மறுநாள் தகப்பன் வந்தார். உள்ளே வராமல் பள்ளிக்கூட வாசல் கேற்றடியிலேயே நின்றார். துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நானும் பொஞ்சாதியும் இப்ப அக்கரையில வயல் வாடியிலதான் இருக்கிற, டீச்சர். மண்சுவர், ஓலைக்கூரை. அவ அங்க வருவாவா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க. எனக்குக் கேக்க வெக்கமாக் கிடக்கு."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "வீட்டைக் கட்டிக் காத்தது நீங்க. தென்னை வெச்சு வளர்த்தது நீங்க. இப்ப பெத்த புள்ளையக் கூட்டிப் போய் இருத்த உங்களுக்கு அங்க ஒரு மூலை இல்லையா?"

"அதுதானே வழமை" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அது என்னை இன்னும் எரித்தது.

எங்கள் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். தகப்பனைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, வாடியில லாம்பு இரிக்கா? எனக்கு ராவையில படிக்கோணும்."

"இரிக்கு புள்ள. குப்பி விளக்கு இல்ல, கண்ணாடி போட்ட லாம்பு. நீ வருவாய் எண்டு போன மாசமே வாங்கி வெச்சிட்டன்."

பெட்டியை அவளிடமிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் தோணித்துறைப் பக்கம் நடந்தார். அவள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் நிறையத் திட்டு இருந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.