அப்பாவின் தலை கத்தாத வீடு

நெமெத்தாவை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் என் தம்பி கதுரோவின் மனைவி. சாயக்காரி. நீலச்செடியின் இலையை அழுகவிட்டு, ஊரார் மூத்திரத்தைக் குடம்குடமாக வாங்கிப் புளிக்கவைத்து, அதில் கம்பளியை முக்கி எடுப்பாள். கம்பளி அத்தனை அழகான நீலமாக வரும், அவள் கையும் முழங்கைவரை நீலமாகவே இருக்கும். அவள்மேல் அடிக்கும் நாற்றத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. ஊரைவிட்டுத் தள்ளி ஆற்றங்கரையில் அவள் வீடு இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ரோமர்கள் அக்கரையில் கோட்டை கட்டிய வருடம் அவர்களோடு மோதித் தம்பி செத்தான். பிள்ளை இல்லை. நெமெத்தா மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் சாயப்பானையைக் கிண்டப் போய்விட்டாள். அன்றைக்கே என் மனதில் முள் தைத்தது. பிறகு அந்த வீட்டுக்குள் நான் போகவில்லை. கேட்டவர்களிடம் நாற்றம் தாங்கவில்லை என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, சந்தையில் ஒரு ரோமச் சிப்பாய் கோவேறு கழுதைகளுக்கு பார்லி வாங்கிக்கொண்டு நின்றான். தெத்தியுஸ் என்று பெயர். அவன் பிடரியில் ஐந்து விரல் தடம், பச்சை நீலம்! நேராக அவளிடம் போனேன்.

"ஏன்டி, கோட்டைக்காரனுக்கும் சாயம் போட ஆரம்பிச்சிட்டியா?"

"கம்பளி விக்கிறேன் அண்ணி. வாங்குறவன் கழுத்தையெல்லாம் நான் பாக்குறதில்ல."

"கழுத்துன்னு நான் சொல்லவே இல்லையேடி!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையைக் கிண்டினாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? தினமும் விடிந்ததும் ஆற்றோரம் போய்ச் சேற்றைப் பார்ப்பேன். ஆணி அடித்த செருப்புத் தடம், வாசல்வரை போயிருக்கும். அந்தச் செருப்பை ரோமர்களைத் தவிர யார் போடுகிறார்கள்?

ஆனால் அந்த வாசலில்தான் எங்கள் அப்பா இருக்கிறார். அதாவது, அவர் தலை. பிரிகாந்தியர் குலத்தார் நாங்கள், வீட்டுப் பெரியவரின் தலையை எண்ணெயில் பதப்படுத்தி வாசல் நிலைக்கு மேல் வைப்போம். வீட்டுக்குப் பகைவன் உள்ளே கால் வைத்தால் தலை கத்தும். அப்பா இரண்டு முறை கத்தியிருக்கிறார். ஒரு குதிரைத் திருடனுக்கு, வியாபாரி வேஷத்தில் வந்த ரோம ஒற்றனுக்கு. இப்போது ஏன் ஊமையானார்? வாயில் மெழுகை அடைத்துவிட்டாளா? அவள் ஆற்றுக்குப் போன நேரம் வெளியே முக்காலி போட்டு ஏறி, அப்பாவின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மெழுகு இல்லை. அப்படியென்றால் மந்திரம்தான்.

ஊர்த்தலைவர் செகோமாரிடம் சொன்னேன். ஆள் வைத்துத் தெத்தியுஸைப் பிடித்தார்கள். ஊரே பார்க்க அவனை வாசலைத் தாண்ட வைப்பது, தலை கத்தினால் அவனை வெட்டுவது, அவளைச் சதுப்பில் அமுக்குவது, வீடு எனக்கு என்று முடிவானது. சாயப்பானைகளை ஆற்றில் வீசிவிட்டு அங்கே ஆடு கட்டலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மத்தியான வெயிலில் இருவரையும் கையைக் கட்டி நிறுத்தினார்கள். தெத்தியுஸ் எங்கள் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பேசினான்.

"கத்துனா என்னை வெட்டுங்க. அவ கட்டை அவுத்து விடுங்க. பானை கிண்டணும். இல்லாட்டி சாயம் கெட்டுடும்."

"உன் உசுரே போகப்போகுது, சாயத்துக்கு அழுவுறியாடா!" என்று யாரோ சிரித்தார்கள். நெமெத்தா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனை உள்ளே தள்ளினார்கள். சத்தமே இல்லை. வெளியே இழுத்து மறுபடி தள்ளினார்கள். அப்பா வாய் திறக்கவில்லை.

"பெரியவருக்கு வயசாயிடுச்சோ?" என்றார் செகோமார்.

"மந்திரம்ங்க! உள்ளதான் எங்கயோ பொதைச்சு வச்சிருக்கா. நான் எடுத்துக் காட்டுறேன்!" என்று நான் வாசலைத் தாண்டினேன்.

அப்பா கத்தினார்.

உயிரோடு இருந்தபோது பட்டியில் ஓநாய் நுழைந்தால் அவர் போடுவாரே, அதே கூச்சல். என் அப்பா, என்னைப் பார்த்து! என் கால் அங்கேயே நட்டுக்கொண்டது. ஊர் முழுக்க என்னைத்தான் பார்த்தது. நெமெத்தாதான் முதலில் பேசினாள்.

"வெளிய வந்துடுங்க அண்ணி. வந்தா நிறுத்திடுவார்."

வந்தேன். நிறுத்திவிட்டார். செகோமார் இருவர் கைக் கயிறுகளையும் அறுத்தார்.

இது நடந்து இருபது வருடம் ஆகிறது. தெத்தியுஸ் பட்டாளத்தை விட்டு வந்து அவளோடு பானை கிண்டுகிறான். அவனுக்கும் முழங்கைவரை நீலம். மூன்று பிள்ளைகள். குளிர்காலத்தில் நெமெத்தா எனக்குக் கஞ்சி கொடுப்பாள், வாசலுக்கு வெளியே கொண்டுவந்து. உள்ளே கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் எந்த முகத்தோடு போவேன்?

போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் கிடந்தாள். தெத்தியுஸ் ஓடிவந்தான். "அண்ணி, நான் அவ பக்கத்துல இருக்கணும். பானையைப் பாக்க ஆளில்ல."

வாசலில் வெகுநேரம் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து வைத்தேன்.

தலை கத்தவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்மேல் இரக்கப்பட்டு அவள்தான் வாயில் மெழுகை அடைத்திருப்பாளோ? முக்காலி பக்கத்திலேயே கிடந்தது. நான் ஏறிப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பானையைக் கிண்டினேன்.