அம்மாவின் பிரஷர்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டில் இதயம் என்ற ஒன்று அப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஒருநாள் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை என்றாலும் டாக்டர் பயமுறுத்தித்தான் அனுப்பினார்: சிகரெட் கூடவே கூடாது, உப்பும் எண்ணெயும் குறையவேண்டும், தினமும் நடக்கவேண்டும்.

அப்பா அப்படியே கேட்டார். கேட்க வைத்தது அம்மா. அவருக்கென்று தனியாக உப்புக் குறைத்த குழம்பு வைத்தாள். விடியற்காலையில் எழுப்பி, ஷூவை எடுத்து வைத்து, செம்பாக்கம் ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் நுழைவாள். எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றை ஊறுகாயோடு நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. அப்பாவுக்குப் பிரஷர் நார்மல். அவருடைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் நர்ஸ், "நீங்களும் உக்காருங்கக்கா, பாத்துடலாம்" என்றார்.

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்."

நர்ஸ் பார்த்தார். பட்டையைக் கழற்றி, மறு கையில் கட்டி இன்னொரு முறை பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு மோசமாக இருந்த காலத்தில்கூட அவ்வளவு இருந்ததில்லை.

"தலைவலி வராதாம்மா உங்களுக்கு?"

"வரும் சார். ஒரு காபி குடிச்சா போயிடும்."

மறுநாள் விடியற்காலையில் அப்பாதான் அம்மாவை எழுப்பினார்.

"ரெண்டு பேரும் போயிட்டா டிபன் யாரு செய்யறது?"

"வந்து நான் இட்லி ஊத்தறேன். நீ கிளம்பு."

அவர் ஊற்றிய இட்லி கல்லாக இருந்தது. அன்று முதல் எல்லோருக்கும் ஒரே குழம்பு. அதில் உப்பு பெயருக்குத்தான். ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. நன்றாக இருந்த வீட்டைக் கெடுத்துவிட்டதாக அந்த நர்ஸ் மேல் எனக்கு ஒரே கோபம். மாத்திரையையும் நடையையும் விடாத அம்மா, இன்றைக்கு என்னைவிட வேகமாக நடக்கிறாள் என்பது வேறு விஷயம்.

அந்த முதல் நாள் நடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பாதிக் கரையில் அம்மா கைப்பிடிக் கம்பியில் கையை ஊன்றி நின்றாள். "ஏரி எவ்ளோ அழகா இருக்கு, பாருங்க" என்றாள் மூச்சிரைக்க. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றாள், மறுபடி ஏரியைக் காட்டினாள். யாருக்காகவும் நடையைக் குறைக்காத அப்பாவும் அவசரப்படாமல் பக்கத்திலேயே நின்று, "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு பேருக்கும் திடீரென்று ஏரி மேல் ஏன் இத்தனை ஆசை என்று விளங்காமல், "சீக்கிரம் வாங்க" என்று கத்திக்கொண்டே நான் முன்னால் ஓடினேன்.