கடைசி நாற்காலிக்கு நடந்த அடிபிடி

தாழ்ச்சிக்கு, அதான் பணிவுக்கு, ஒரு போட்டி வைத்தால், என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் யாருக்கு முதல் பரிசு கொடுப்பது என்று தெரியாமல் நடுவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். போர்ட் பிளேரில் இருவரும் கூட்டாக ஒரு படகு வைத்து மீன் பிடித்துவந்தார்கள். எஞ்சின் கெட்டது யாரால் என்று ஒரு வாய்த்தகராறு வந்தது. அதோடு தவக்காலம் முழுக்கப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒற்றை ஆளால் ஓட்ட முடியாத படகு, கரையில் கிடந்தது. ஈஸ்டர் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று இவர் என்னிடம் சொன்னார், அவனும் என்னிடம் சொன்னான். விற்றால் பிழைப்பும் போகும், தம்பியும் போவான்.

பேச்சுதான் இல்லையே தவிர, பக்தி இரண்டு வீட்டிலும் பொங்கி வழிந்தது. இவர் மீன் கறியை விட்டார் என்று தெரிந்ததும் அவன் டீயை விட்டான். அவன் வெறும் பாயில் படுக்கிறான் என்று கேள்விப்பட்டு இவர் பாயையும் சுருட்டி வைத்தார். அபர்டீன் பஜாரில் காய்கறிக்காரரிடம் போய், "மே தோ தூல் ஹூங் பாய், வெறும் தூசி" என்றார். அந்த மனுஷன் பாவம், "டீக் ஹை, டமாட்டர் கித்னா?" என்று, தக்காளி எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் கேட்டார்.

இந்த லட்சணத்தில், பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவிவிடப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த சாமியார், இருவரையும் அதில் சேர்த்துவிட்டார். பீடத்திலிருந்து வாசலைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள். பத்துப் பேர் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் கடைசி நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க முன்னால இருங்க அத்தான். எனக்கு இந்தக் கடைசிதான் லாயக்கு."

"முன்வரிசையெல்லாம் பெரிய ஆளுவளுக்கு மச்சான். நான் தூசி."

பேசிட்டாங்க மாதாவே என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதற்குள் தம்பி கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இவர் விடுவாரா? பதினோராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்குப் பின்னால் போட்டார். அவன் எழுந்து தன் நாற்காலியை இவருக்குப் பின்னால் போட்டான். பாட்டு முடிவதற்குள் இருவரும் வாசலுக்கே போய்விட்டார்கள். என் பக்கத்திலிருந்த ராஞ்சிக்கார அக்கா, "தீதி, யே லோக் கஹாங் ஜா ரஹே ஹைங்?" என்று, இவர்கள் எங்கே போகிறார்கள் என்று புரியாமல் கேட்டாள்.

"மெயின்லேண்டுக்கு" என்றேன் எரிச்சலில்.

வயதான சாமியார் பத்துப் பேருக்கும் முட்டிபோட்டுக் கழுவிவிட்டு, தண்ணீரும் துண்டுமாக வாசல்வரை நடந்து வந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. "எனக்கு இனி குனிய முடியாதுடே. ஒருத்தனுக்கொருத்தன் கழுவிக்கிடுங்க" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். யார் முதலில் கழுவுவது என்று இருவரும் ஒரே நேரத்தில் தொப்பென்று முட்டிபோட்டார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர், நடுவில் பாத்திரம். கழுவக் கால் இல்லை, நான்கும் முதுகுப் பக்கம் கிடந்தன. கோயிலே சிரித்தது.

"கால எங்கடே வச்சிருக்கிய? மூத்தவன் நீ உக்காரு!" என்று சாமியார் இவர் தோளைப் பிடித்து நாற்காலியில் தள்ளினார்.

தம்பி ஜெயித்த முகத்தோடு இவர் காலை இழுத்துத் தண்ணீர் ஊற்றினான். சட்டென்று நிறுத்தினான். குதிகாலில் ஆழமான வெட்டு, இன்னும் ஆறவில்லை. அவனிடம் சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"இது எப்பம் அத்தான்?"

"போன வாரம் காத்தடிச்சப்ப. படகு பாறையில மோதிரும்னு மேல இழுத்தேன்."

"ஒத்தையாவா?"

"பின்ன, யாரக் கூப்பிட?"

தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. தண்ணீரை அள்ளி அள்ளி அந்த ஒரு காலிலேயே விட்டுக்கொண்டிருந்தான். பாடகர் குழு பாட்டை முடித்து, மறுபடியும் முதலிலிருந்து பாடியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை.

இவர் குனிந்து அவன் காதருகில் சொன்னது எனக்குக் கேட்டது.

"மெதுவாடே. வலிக்கு."